கோதுமை ஒத்துக்கொள்ளவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனையில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். சர்க்கரைக்கு என்ன சாப்பிடலாம் என்ற கேள்விக்கு அடுத்தபடியாக இப்போது அதிகம் காதில் விழுவது "குளூட்டன் ஆகாதாமே?" என்பதுதான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூடக் கேட்கிறார். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டுவிட்டேன்; பதில்களை மட்டும் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

குளூட்டன்னா என்னங்க? மாவுல ஏதாவது கலக்கிறாங்களா?

யாரும் கலப்பதில்லை, கோதுமையோடு பிறந்தது. கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு வகைப் புரதங்கள் கோதுமையில் இருக்கின்றன. தண்ணீர் விட்டுப் பிசையும்போது இவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விசிறினாலும் அது கிழியாமல் கண்ணாடி மாதிரி விரிவது இந்தப் பின்னலால்தான்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? எலுமிச்சம்பழ அளவு சப்பாத்தி மாவைப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் வைத்து மெல்லக் கசக்குங்கள். தண்ணீர் பால் போல வெளுக்கும், அது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கசக்கினால் கடைசியில் பழுப்பாக, சவ்வாக ஒரு சின்ன உருண்டை கையில் மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுதான் குளூட்டன். அரிசி மாவில் இதே வேலையைச் செய்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

பார்லியிலும், நம் பக்கம் அதிகம் புழங்காத ரை தானியத்திலும் இதன் உறவுக்காரப் புரதங்கள் உண்டு. அதனால் குளூட்டன் கூடாது என்றால் மூன்றும் கூடாது.

மைதாதான் கெட்டது, கோதுமை மாவு நல்லதுன்னு சொல்றாங்களே. அப்ப முழுக் கோதுமையில குளூட்டன் இருக்காதுல்ல?

இருக்கும். இங்கேதான் பலரும் இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மைதாவைக் குறை சொல்வது தவிடும் முளையும் நீக்கப்பட்டதால். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கோதுமை மாவில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், மைதாவில் 3 கிராமுக்கும் கீழே. உடம்பில் குளூட்டன் பிரச்சினை இல்லாதவருக்கு முழுக் கோதுமை நல்ல உணவு, அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் குளூட்டன் இருப்பது மணியின் உள்பகுதியில், மாவுச்சத்தோடு. அந்த உள்பகுதி இரண்டு மாவிலும் இருக்கிறது. குளூட்டன் ஆகாதவருக்கு மில்லில் அரைத்து வாங்கிய தவிட்டுக் கோதுமையும் மைதா பரோட்டாவும் ஒன்றுதான்.

ரவை, சேமியா, சம்பா கோதுமை எல்லாம் ஓகேவா?

மூன்றும் கோதுமைதான். உப்புமா ரவையைத் தனித் தானியம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சம்பா கோதுமை பழைய ரகம், உடைத்துக் கஞ்சி வைத்தால் ருசியாக இருக்கும், எல்லாம் சரி. அதிலும் குளூட்டன் உண்டு. பெரும்பாலான சேமியாவும் கோதுமைதான். ராகி சேமியா பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் ராகியோடு கோதுமையும் இருக்கும்.

திருநெல்வேலி அல்வாவைப் பற்றியும் கேட்கிறார்கள். கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுக்கும்போது குளூட்டனில் ஒரு பங்கு சக்கையோடு போய்விடும். ஆனால் பாலோடு வருவதே பாதிக்கப் போதும். எனக்கும் சொல்ல மனசு வரவில்லைதான், ஆனாலும் கூடாது.

சப்பாத்தி சாப்பிட்டா வயிறு உப்புது. எனக்கு குளூட்டன் அலர்ஜியா?

"அலர்ஜி" என்று நாம் சொல்வதற்குள் மூன்று வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. முதலாவது நிஜமான கோதுமை ஒவ்வாமை. சாப்பிட்ட சில நிமிடங்களிலோ இரண்டொரு மணி நேரத்திலோ தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்று வரும். மூச்சுத் திணறல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது சீலியாக் நோய். இது ஒவ்வாமை இல்லை. குளூட்டன் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

மூன்றாவது, மேலே சொன்ன இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகும் கோதுமை சாப்பிட்டால் உப்புசம், வலி, அசதி வருவது. இதைக் குளூட்டன் கூருணர்வு என்கிறார்கள். இதற்கென்று ரத்தப் பரிசோதனை கிடையாது. உங்கள் உப்புசம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு நாலு சப்பாத்தியும் சன்னா மசாலாவும் சாப்பிட்டதாகவும் இருக்கலாம்.

இது வடநாட்டு வியாதிதானே? நமக்கெல்லாம் வருமா?

அங்கே அதிகம் என்பது உண்மை. இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. சீலியாக்குக்கான எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருந்தது வடக்கே 1.23 சதவீதம் பேருக்கு. தெற்கே 0.10 சதவீதம்தான்.

நான் எல்லோரிடமும் சொல்வது அடுத்த எண்களை. இந்த நோய்க்கு வழிவிடும் மரபணு வடக்கே 38.1 சதவீதம் பேரிடம், தெற்கே 36.4 சதவீதம் பேரிடம். ஏறக்குறைய ஒன்றேதான். ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமையின் அளவுதான் வேறு: வடக்கே சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். ஆக, நம்மைக் காப்பாற்றி வந்தது ரத்தமல்ல, சோற்றுப் பானையாக இருக்கலாம். இப்போது ராத்திரிக்குச் சப்பாத்தி, காலையில் பிரெட், சாயங்காலம் பிஸ்கட் என்று ஆகிவிட்ட வீடுகளில் அந்த 25 கிராம் எங்கே நிற்கும்? அதே சமயம், மரபணு இருப்பவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. பயப்பட வேண்டாம்; "நமக்கு வராது" என்று அடித்துச் சொல்லவும் வேண்டாம்.

எனக்கு வயித்துப்போக்கே இல்ல. அப்புறம் ஏன் டாக்டர் சீலியாக் டெஸ்ட் எழுதினார்?

பெரியவர்களில் பலருக்கு வயிறு ஒன்றும் சொல்லாது. இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஏறாத ரத்தசோகை, வயதுக்கு முன்பே தேய்ந்த எலும்பு, காரணம் தெரியாத குழந்தையின்மை, அடிக்கடி வாய்ப்புண் என்று வேறு கதவு வழியாக வரும். முழங்கை, முட்டியில் கடுமையாக அரிக்கும் சின்னச் சின்னக் கொப்புளங்களும் ஓர் அடையாளம். குழந்தை என்றால் வகுப்பில் எல்லோரையும்விடக் குள்ளமாக இருப்பதே முதல் தடயமாகலாம். முதல் வகைச் சர்க்கரை நோயோ, எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோயோ இருப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். உங்கள் டாக்டர் இவற்றில் ஏதோ ஒன்றைக் கவனித்திருக்கிறார்.

ஒரு மாசம் கோதுமையை நிறுத்திப் பாத்துட்டு, அப்புறம் டெஸ்ட் எடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ரத்தத்தில் தேடுவது குளூட்டன் உள்ளே போவதால் உடம்பு கிளப்பும் எதிர்ப்புப் புரதத்தை. நீங்கள் குளூட்டனை நிறுத்தினால் அந்தப் புரதம் குறைந்துகொண்டே போகும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் முடிவு "இல்லை" என்று வரலாம்.

சரியான வரிசை இது: வழக்கம்போலக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டே டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை, கூடவே ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவு. சிலருக்கு ஐஜிஏவே பிறவியில் குறைவாக இருக்கும், அவர்களுக்கு முதல் பரிசோதனை பொய் சொல்லும்; அதற்குத்தான் இரண்டாவது. ரத்தத்தில் தெரிந்தால், பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து துளித் துளியாகச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகே உணவை மாற்ற வேண்டும்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களுக்கு மருத்துவர் மீண்டும் கோதுமை சாப்பிடச் சொல்வார். தினமும் ஒரு வேளைக்கு மேல், ஆறு வாரமாவது. நிறுத்தி நிம்மதியாக இருந்தவருக்கு அந்த ஆறு வாரம் தண்டனைதான். முன்பே கேட்டிருந்தால் தப்பித்திருக்கலாம்.

டெஸ்ட் எல்லாம் நார்மல். ஆனா நிறுத்தினா நல்லா இருக்கு. அப்ப என் மனப்பிரமையா?

இல்லை. ஆனால் குற்றவாளி குளூட்டனாக இல்லாமல் இருக்கலாம். கோதுமையில் ஃப்ரக்டான் என்ற ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலியும் இருக்கிறது. சிறுகுடலில் அது செரிக்காது; பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். நார்வேயில், சீலியாக் இல்லாமலே தாங்களாகக் குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல், குளூட்டன் சேர்த்தது, ஃப்ரக்டான் சேர்த்தது, இரண்டும் சேர்க்காதது என மூன்று விதமான தானிய பார்களை ஒவ்வொரு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. உபத்திரவம் அதிகம் வந்தது ஃப்ரக்டான் வாரத்தில். குளூட்டன் வாரத்துக்கும் வெறும் பாருக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

வெங்காயம், பூண்டு சாப்பிட்டாலும் உங்களுக்கு இதே உப்புசம் வருகிறதா என்று கவனியுங்கள். இரண்டிலும் ஃப்ரக்டான் நிறைய. அப்படியென்றால் கோதுமையை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. அளவைக் குறைத்தால் போதும். உங்களுக்குப் பெருங்காயக் கவலையும் தனிப் பாத்திரமும் தேவையில்லை. இனிச் சொல்லப்போகும் கெடுபிடிகள் சீலியாக்காரர்களுக்கு.

எங்க பாட்டி காலத்துல இப்படி ஒரு வியாதியே இல்லையே?

பேர் இல்லை, நோய் இருந்தது. லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ 1888லேயே இதை விவரித்துவிட்டார். உணவில்தான் இருக்கிறது என்று ஊகித்தார், எந்த உணவு என்று அவருக்குப் பிடிபடவில்லை. அதைப் பிடித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் அங்கே ரொட்டிக்கே வழியில்லாமல் போனது. ஊரே மெலிந்தபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி விழுந்தார்கள். ஏற்கெனவே கோதுமை மேல் சந்தேகம் கொண்டிருந்த டிக்கேக்கு அது உறுதியானது. 1950இல் ஆய்வேடாக எழுதினார்.

சரி, சீலியாக்னு உறுதியாயிடுச்சு. இனி என்னதான் சாப்பிடறது?

பஞ்சாபில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். நமக்கு அப்படியில்லை. இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், ஆப்பம், அடை, கொழுக்கட்டை, களி, கூழ் எல்லாம் பிறவியிலேயே குளூட்டன் இல்லாதவை. ஒரு எச்சரிக்கை: யாழ்ப்பாணப் பக்கத்து வீடுகளில் புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் அவித்த கோதுமை மாவைச் சேர்ப்பது சாதாரணம். அங்கே சாப்பிடுவதானால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. கோதுமையை விட்டவர் மூன்று வேளையும் வெள்ளை அரிசியில் நின்றுவிடுகிறார். அதில் நார்ச்சத்து 100 கிராமுக்கு 3 கிராம்கூடக் கிடையாது. கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றிலும் 10 கிராமுக்கு மேல், அதாவது கோதுமைக்குச் சமம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 364 மில்லிகிராம். எலும்பு தேய்ந்து வருகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு வேளை சிறுதானியம், தினம் பருப்பு, கீரை, முட்டையோ மீனோ அவரவர் வழக்கப்படி. இரும்பு, பி12, வைட்டமின் டி அளவுகளை மருத்துவர் பார்த்து மாத்திரை தருவார். குடல் ஆறும் வரை சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்ட முடியாது.

குளூட்டன் இல்லாத பிஸ்கட், பிரெட் என்று கடையில் விற்பவை பெரும்பாலும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். விலையும் எட்டாது. குழந்தை ஆசைப்பட்டால் எப்போதாவது வாங்கிக் கொடுங்கள்.

பெருங்காயத்துல கோதுமை இருக்காமே, நிஜமா?

நிஜம். சுத்தப் பெருங்காயம் ஒரு செடியின் பிசின். அதன் காரமும் நெடியும் தாங்காது என்பதால் கருவேலம் பிசினையும் மாவையும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பல டப்பாக்களில் மைதா அல்லது கோதுமை மாவு. சிலவற்றில் அரிசி மாவு. பொடி, கட்டி இரண்டிலும் இப்படித்தான். டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும்.

வீட்டில் அரிசி மாவு கலந்த டப்பாவுக்கு மாறினால் முடிந்தது. ஆனால் கடைச் சாம்பார் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றிலும் பெருங்காயம் உண்டு. "சோறுதானே சாப்பிடுறேன், ஏன் டிடிஜி இறங்கல?" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அஞ்சறைப் பெட்டியைப் பற்றித்தான். அடுத்து, சத்துமாவு, கோதுமையும் பார்லியும் சேர்த்து அரைப்பது வழக்கம். பார்லி மால்ட் போட்ட பான மாவுகளும் சோயா சாஸும் இதே பட்டியல்.

கேழ்வரகு மாவு, கம்பு மாவு கடையில வாங்கினா பயமில்லையே?

தானியத்தில் பயமில்லை, மில்லில்தான். மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருப்பார். அவருடைய மாவு இயந்திரத்தின் வாயிலும் துணிக்குழாயிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் கேழ்வரகோடு இறங்கும். முழுத் தானியமாக வாங்கி, கல்லும் கலந்த கோதுமை மணிகளும் பொறுக்கி, கழுவிக் காயவைத்து வீட்டு மிக்சியில் அரைப்பதே நல்லது. இல்லையென்றால் குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. "மல்டிகிரெய்ன்" என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பெரும்பாலும் அடிப்படை கோதுமைதான்.

ஓட்ஸ்?

ஓட்ஸில் உள்ள புரதம் வேறு. பெரும்பாலான சீலியாக்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் சாதாரண பாக்கெட் ஓட்ஸில் கோதுமையும் பார்லியும் கலந்திருக்கும். குடல் ஆறும்வரை தொடாதீர்கள். பிறகு சான்று பெற்றதை மட்டும், மருத்துவரைக் கேட்டு.

ஹோட்டல்ல இட்லி தோசை சாப்பிடலாம்ல?

இட்லி சரி. தோசைக்கு இரண்டு கேள்வி கேளுங்கள்: மாவில் மைதாவோ ரவையோ சேர்க்கிறார்களா, அதே கல்லில் சப்பாத்தி பரோட்டா போடுகிறார்களா. ரவா தோசை பேச்சே வேண்டாம். வடை உளுந்துதான், ஆனால் சமோசா பொரித்த எண்ணெயில் போட்டிருந்தால் கூடாது. சாம்பாருக்குப் பெருங்காயக் கேள்வி மறுபடி வரும். தேங்காய்ச் சட்னி என்றால் தாளிப்பில் பெருங்காயம் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன் வகையறாவில் மைதாவும் சோயா சாஸும் கைகோத்து நிற்கும்.

பிறந்தநாளுக்கு ஒரே ஒரு துண்டு கேக். அதுகூடவா கூடாது?

கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்றால் அதில் சுமார் இரண்டரை கிராம் குளூட்டன். தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்தபோதே குடல் பாதித்ததாக 2007இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு காட்டியது. 50 மில்லிகிராம் என்பது ஒரு சப்பாத்தியில் ஐம்பதில் ஒரு பங்கு. தெரியாமல் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டால் உயிர் போகாது, அழ வேண்டாம். ஆனால் "ஒரே ஒரு நாள்" என்பதற்கு நம் வீடுகளில் மாதத்துக்கு எத்தனை காரணம் வரும் என்று உங்களுக்கே தெரியும். அரிசி மாவிலும் கடலை மாவிலும் அதிரசம், மைசூர்பாகு, பூந்தி லட்டு இருக்கின்றன. வீட்டில் செய்து, மைதா பலகாரத்துக்கு முன்னால் இதைப் பொரித்து எடுத்துவிடுங்கள்.

கோயில் பிரசாதம், சர்ச்ல நற்கருணை?

சர்க்கரைப் பொங்கல் தாராளமாக. புளியோதரைக்குப் பெருங்காயம் பார்க்கவும். கேசரி வேண்டாம், கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம்.

நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனது. குளூட்டன் அறவே இல்லாத அப்பத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. 2017இலும் வத்திக்கான் இதை மறுபடி சொன்னது. ஆனால் குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கு அனுமதி உண்டு, திராட்சை இரசம் மட்டும் பெறவும் வழி உண்டு. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள். இரசம் என்றால், யாரும் அப்பத்தைத் தோய்க்காத தனிக் கிண்ணமாக இருக்க வேண்டும்.

சீலியாக் இல்ல, சும்மா வெயிட் குறைக்க விடலாமா?

குளூட்டனை விடுவதால் எடை குறையாது. பரோட்டா, பிஸ்கட், பஃப்ஸ், கேக்கை விட்டதால் குறையும். அதைக் கோதுமை மேல் பழி போடாமலே செய்யலாம். சீலியாக் உள்ளவர்களில் பலர் குளூட்டனை விட்டதும் எடை கூடுகிறார்கள், குடல் மறுபடி சத்தை வாங்குவதால். சர்க்கரைக்காகச் சப்பாத்திக்கு மாறியவர்களும் இதையே கேட்கிறார்கள். உங்களுக்குச் சப்பாத்தி ஒத்துக்கொள்கிறது என்றால் நிறுத்தக் காரணமில்லை, எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். சீலியாக்கும் சர்க்கரையும் சேர்ந்திருந்தால் கம்பு ரொட்டி, சோள ரொட்டி, கூடவே பருப்பும் காயும்.

குழந்தைக்கு வளந்ததும் சரியாயிடுமா?

நோய் போகாது, குளூட்டனை விட்டால் உபத்திரவம் போகும். வயிற்றுத் தொந்தரவு சில வாரங்களில் குறையும், ரத்தத்தில் டிடிஜி இறங்க ஆறு மாதம் முதல் ஒரு வருடமோ அதற்கு மேலுமோ ஆகும். குழந்தைகளின் குடல் சீக்கிரம் ஆறும், பெரியவர்களுக்கு வருடங்கள் ஆகலாம். பதின்ம வயதில் பிள்ளைகள் ஒளிந்து பரோட்டா சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். வெளியே தெரியாமல் உள்ளே தேய்வதுதான் இந்த நோயின் குணம். வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள்.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன்: ஒரு பிள்ளைக்கு உறுதியானால் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் அதே ரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொள்ள வேண்டும். நெருங்கிய ரத்த உறவில் பத்தில் ஒருவர் வரை இருக்கலாம். வீடு முழுக்கக் கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் எடுங்கள். காரணம் மேலேயே சொல்லிவிட்டேன்.